லாப்விங்கின் இரண்டு கொக்கிகள்

இங்கிலாந்தில் லட்லோ ஊரின் சந்தைத் திடலில் அன்று ஆறு லாப்விங் கார்கள் நின்றன. பெவன் பட்டறையில் செய்ததே மொத்தம் ஒன்பது. அதில் ஆறு இன்னும் ஓடுகின்றன. மேவிஸ் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். முதல் எட்டு கார்களின் துணிக்கூரைகளை அளந்து, வெட்டி, தைத்தவள் அவள்தான். இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு, மூன்று ரயில் மாறி, லீட்ஸிலிருந்து வந்திருந்தாள்.

கார்களைப் பார்க்க வந்ததாகத்தான் தங்கையிடம் சொல்லியிருந்தாள். உண்மையில் அவள் பார்க்க வந்தது பட்டறை முதலாளி ஹூபர்ட் பெவனை. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டுவிட்டு நாலு இருபது ரயிலில் திரும்பிவிட வேண்டும்.

எல்லாம் தொடங்கியது இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மூன்றாவது வருடத்தில். டீம் ஆற்றங்கரையில் ஒரு பழைய மாவு மில்லைப் பிடித்து ஹூபர்ட் பட்டறை போட்டார். எஃகு கிடைக்காத காலம். விமானத் தொழிற்சாலை கழித்துப் போட்ட அலுமினியத் தகட்டில் உடம்பும், மரத்தில் எலும்புக்கூடுமாக அந்த வண்டி பிறந்தது. வேலைக்கு நாலு ஆண்கள், தையலுக்கு மேவிஸ்.

முதல் காரின் கூரையை அவரும் அவளும் சேர்ந்துதான் வடிவமைத்தார்கள். கண்ணாடியின் மேல் விளிம்பில் வலப்பக்கம் ஒரு கொக்கி, இடப்பக்கம் ஒரு கொக்கி. அவர் வலப்பக்கம் நிற்பார், அவள் இடப்பக்கம். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி ஒரே நேரத்தில் இழுத்து மாட்டுவார்கள். பட்டறையில் எல்லார் முன்னாலும் அவள் அவரை "நீங்க, மிஸ்டர் பெவன்" என்பாள். மலைச்சாலையில் சோதனை ஓட்டத்துக்குப் போய், மழை பிடித்து, கூரையை மாட்டி இருவரும் உள்ளே உட்கார்ந்துவிட்டால் அது "நீ" ஆகிவிடும். அந்த "நீ"யை அவள் வெளியே கொண்டுவந்ததில்லை.

கார்கள் விற்றுப் போன பிறகுதான் புகார் வந்தது. ஹியர்ஃபோர்டில் ஒரு கல்யாணமாகாத டாக்டர் எழுதியிருந்தார்: 'ஐயா, ஒரு பக்கம் மாட்டினால் மறு பக்கம் துள்ளிக்கொண்டு எழும்புகிறது. நேற்று கொட்டுகிற மழையில் ஒரு போலீஸ்காரரைக் கெஞ்ச வேண்டியதாயிற்று.' பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. ஹூபர்ட் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு ஆள் தனியாக அந்தக் கூரையை மாட்ட முடியாது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் தனியாக ஒரு தடவைகூட மாட்டிப் பார்த்ததில்லை.

மூன்று வாரம் தூங்காமல் யோசித்து, நடுவில் ஒரு நீளக் கைப்பிடி வைத்தார். எட்டாவது காரில் அதைப் பொருத்தி, எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டு, ஒற்றைக் கையால் இழுத்துக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பாக அவளைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தியா மேவிஸ்? இனிமே இன்னொரு ஆளே தேவையில்ல!"

எல்லாரும் கை தட்டினார்கள். மேவிஸும் தட்டினாள். அந்த வசந்தம் முழுக்க அவர் வேறொன்று கேட்பார் என்று காத்திருந்தவள் அவள். ஒன்பதாவது காருக்கு வெட்டிய துணி பாதி தைத்தபடி மேஜையில் கிடக்க, லீட்ஸில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி அடுத்த சனிக்கிழமை கிளம்பிவிட்டாள்.

பிறகு ஹாரியைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர். அவர் காருக்கு இரும்புக் கூரை. மழை பெய்தால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது.

"வாங்க, வாங்க!" லாப்விங் சங்கத்துச் செயலாளர் டிரான்டர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் அவர் பல் டாக்டர். "நீங்க தெச்ச கூரை இருபது வருஷமா என் தலைக்கு மேல இருக்கு. என் பொண்டாட்டிகூட இவ்வளவு பொறுமையா இருந்ததில்ல."

"ஒழுகுதா?"

"கூரை ஒழுகல. அவதான் அப்பப்போ அழுவா."

மேவிஸ் சிரித்துவிட்டாள். டிரான்டர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க பழைய முதலாளி அதோ, கடைசில. சரியான வீம்பு பிடிச்ச மனுஷன். நாங்க அத்தனை பேரும் அந்த ஒத்தக் கைப்பிடிய மாட்டிட்டோம். கண்டுபிடிச்சவரு மட்டும் தன் காருக்கு மாட்டல. மழை பெஞ்சா ஒரு மீன்கார மழைக்கோட்ட மாட்டிக்கிட்டு, நனைஞ்ச கோழி மாதிரி ஓட்டிக்கிட்டுப் போவாரு. ஏன்யான்னு கேட்டா, 'நீ பல்லப் புடுங்கற வேலையப் பாரு'ங்கறாரு."

மேவிஸ் அதற்கு மேல் கேட்க நிற்கவில்லை. கடைசிக் காரை நோக்கி நடந்தாள்.

ஹூபர்ட் தொப்பியைக் கழற்றினார். முடி போயிருந்தது. காதுகள் மட்டும் அப்படியே இருந்தன.

"வந்துட்டியா" என்றார், பக்கத்துத் தெருக் கடைக்குப் போய் வந்தவளைக் கேட்பது போல.

"நல்லா இருக்கீங்களா, மிஸ்டர் பெவன்?"

அந்த 'மிஸ்டர்' அவர் முகத்தில் பட்டது தெரிந்தது. அவள் குனிந்து, பின்னால் மடிந்து கிடந்த கூரையைத் தொட்டாள். அவள் பாதியில் விட்டுப்போன ஒன்பதாவது காரின் கூரை. இடப்பக்கத் தையல் அவளுடையது. ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல், நூல் பிடித்த மாதிரி. வலப்பக்கம் கோழி கிளறியது போலிருந்தது.

"இது யாரு தெச்சது?"

"நான்தான். நீ போனப்புறம் தெச்சு முடிக்க ஆறு வாரமாச்சு. கட்டைவிரல்ல ஊசி ஏறாத நாளில்ல."

"பாத்தாலே தெரியுது."

கண்ணாடி விளிம்பைப் பார்த்தாள். வலப்பக்கம் ஒரு கொக்கி. இடப்பக்கம் ஒரு கொக்கி. நடுவில் எதுவும் இல்லை.

கேள்வியை ரயிலிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் வேறு மாதிரி வந்தது.

"இன்னொரு ஆளே தேவையில்லன்னு சொன்னீங்களே. அப்புறம் எதுக்கு இது?"

ஹூபர்ட் நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார். கண்கள் மெல்ல விரிந்தன.

"அதுக்கா போன?"

மேவிஸ் ஆமென்று தலையசைத்தாள்.

"அடக் கடவுளே! நான் கூரையச் சொன்னேன் மேவிஸ். அந்த டாக்டருக்காகச் சொன்னேன். நீ லீட்ஸ்ல நல்ல வேலைன்ன. நானும் நம்பித் தொலைச்சேன். பட்டற அப்பவே ஆடிக்கிட்டு இருந்துச்சு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இருன்னு சொல்றது?" தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "கைப்பிடி எனக்கு எதுக்கு? இந்தப் பக்கம் நான் நிக்கற மாதிரிதான் வரைஞ்சேன். அந்தப் பக்கம் நீ."

சர்ச் மணி நாலு அடித்தது. அது ஓய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. திடலெங்கும் டப், டப்பென்று ஒற்றைக் கைப்பிடிகள் விழும் சத்தம். ஐந்து கார்கள் நிமிடத்தில் மூடிக்கொண்டன. டிரான்டர் தன் ஜன்னல் வழியாகக் கத்தினார்: "மேடம், இங்க வந்துருங்க! ஸ்டேஷன்ல விட்டுடறேன்! அந்த ஆளோட நின்னா ஜலதோஷம்தான் மிச்சம்!"

ஹூபர்ட் பின் இருக்கையிலிருந்து மீன்காரக் கோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "இத மாட்டிக்கிட்டு அவரோட போ. ரயிலுக்கு நேரமாச்சு."

மேவிஸ் கோட்டை வாங்கி மறுபடி பின் இருக்கையில் போட்டாள். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு காரைச் சுற்றி இடப்பக்கம் போய் நின்றாள். துணி விறைத்துப் போயிருந்தது. மடிப்பு விரியும்போது முனகியது. இரண்டு பேரும் அதை முன்னால் இழுத்து வந்தார்கள்.

"ஒண்ணு" என்றார் ஹூபர்ட். அவர் பக்கக் கொக்கி மாட்டிவிட்டது. அவள் பக்கம் துள்ளி எழும்பியது.

"ரெண்டு சொன்னப்புறம் இழுக்கணும்" என்று மழைக்கு மேலாகக் கத்தினாள் மேவிஸ். "எப்பவும் அவசரம்! கழட்டுங்க. மறுபடியும்."

"ஒண்ணு. ரெண்டு."

இரண்டு கொக்கிகளும் ஒரே சத்தமாக விழுந்தன.

உள்ளே இருட்டாக இருந்தது. இத்தனை வருடம் மடிந்தே கிடந்த துணியின் வாசனை அடித்தது. வலப்பக்கத் தையல் வழியாக ஒரு சொட்டு இறங்கி ஹூபர்ட்டின் முழங்காலில் விழுந்தது. பிறகு இன்னொன்று. அவர் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டேஷனுக்குத்தானே?" என்று கேட்டார். சாவியைத் திருப்பினார்.

மேவிஸ் தலையைத் தூக்கி அந்தக் கோணல் தையலை முழுசாக ஒரு தடவை பார்த்தாள்.

"ஊசியும் மெழுகு நூலும் வீட்ல இருக்கா?"

"உன் தையல் பெட்டி அப்படியே இருக்கு."

"அப்ப நேரா வீட்டுக்கு ஓட்டு" என்றாள் மேவிஸ். "நீ தெச்சதெல்லாம் முதல்ல பிரிக்கணும்."