ஜனாதிபதிக்கு முன்னால் போனவர்

ஜனாதிபதி தம்புள்ளையிலிருந்து கண்டிக்குப் போகிறார் என்று பொலிஸார் காலையிலேயே அறிவித்திருந்தார்கள். பலாபத்வல சந்திக்குச் சற்று அப்பால் தேநீர்க் கடை வைத்திருந்த ஜஸ்லாவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பஸ்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். போட்ட வடைகள் ஆறிக்கொண்டிருந்தன.

அவளுடைய வாப்பா யஹ்யாவுக்கு மட்டும் அன்று பெருநாள் மாதிரி. இதே வீதியில் யாழ்ப்பாணம்வரை லொறி ஓட்டியவர். வாகனம் என்றால் உயிர். இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாப்பா, உள்ளுக்கு வாங்க! ரோட்டுக்கிட்ட நிக்க வாணாம்னு சொல்லிட்டுப் போனாங்களே!"

"இங்கதானே நிக்கிறேன் மகள். பாத்துட்டு வாறேன்."

வளைவில் சைரன் கேட்டது. அந்த நேரம் பார்த்து அடித்த காற்று குடையைப் பறித்து நடு வீதியில் போட்டது. யஹ்யா யோசிக்காமல் அதன் பின்னால் இறங்கிவிட்டார்.

"வாப்பா!" ஜஸ்லாவின் குரல் அவருக்கு எட்டவில்லை.

வாகனத் தொடருக்கு முன்னால் தனியாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு மோட்டார் சைக்கிள் அதற்குள் வளைவைத் தாண்டிவிட்டது. ஓட்டி வந்தவர் கிழவரைக் கண்டதும் வண்டியை ஒரேயடியாக வலப்பக்கம் சாய்த்தார். ஈரத்தில் அது சறுக்கி, யஹ்யாவை ஒரு முழத் தூரத்தில் கடந்து, மறுகரை வடிகானுக்குள் போய் விழுந்தது. ஓட்டி வந்தவர் தார் வீதியில் உருண்டார்.

ஜஸ்லா வாசலுக்கு ஓடிவந்தாள். அதற்குள் அந்த மனிதர் எழுந்துவிட்டார். வலது கை தொங்கியது. நொண்டியபடியே ஓடிவந்து, இடது கையால் யஹ்யாவை அணைத்துக் கடைப்பக்கம் இழுத்துவந்து விட்டார். உடனே திரும்பி, வளைவில் தெரிந்த முதல் கறுப்பு ஜீப்புக்கு அதே கையை அகலமாக வீசிக் காட்டினார்: குடையை விலக்கி வலப்பக்கத்தால் வாருங்கள், வழி சரி.

ஜீப் வேகம் குறையாமல் விலகியது. அதன் பின்னால் ஒன்று, கண்ணாடி இருண்ட கார்கள், மறுபடி ஜீப்புகள். ஒன்றுக்கொன்று இடைவெளி மாறவில்லை. ஒரே ஆள் ஓட்டுவது போல எல்லாம் ஒரே வளைவாக வளைந்து போயின. யஹ்யாவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கடைசி ஜீப் கடக்கும்வரை அவர் நிமிர்ந்தே நின்றார். முகத்தில் வலி ஏதும் தெரியவில்லை.

பிறகுதான் கடைப் படியில் உட்கார்ந்தார். சட்டையில் 'அபேகோன்' என்று பெயர் இருந்தது. முழங்கை கிழிந்து இரத்தம் வழிந்தது.

"ஐயாவுக்கு எங்கேயாவது பட்டதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அவருக்கு ஒன்றுமில்லை. உங்களுக்குத்தான் கை..." ஜஸ்லாவும் சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தண்ணீரை நீட்டினாள்.

"கை ஆறிவிடும், தங்கச்சி."

யஹ்யா அழுதுகொண்டே அவருடைய தோளைத் தடவினார். "என்னால உங்க வேலைக்குக் கரச்சல் வருமா மாத்தயா?" ஜஸ்லா அதைச் சிங்களத்தில் சொன்னாள்.

அபேகோன் சிரித்தார். "இதுதான் ஐயா என் வேலை."

தொடரின் கடைசியில் வந்த அம்புலன்ஸ் அவருக்காக நின்றிருந்தது. தாதி ஒருவர் கைக்குப் பலகை வைத்துக் கட்டினார். ஏறுவதற்கு முன் அபேகோன் வடிகானுக்குள் கிடந்த வண்டியைத்தான் பார்த்தார். அதை எடுக்க ஆள் வரும் என்று தாதி சொன்ன பிறகே ஏறினார்.

சற்று நேரத்தில் பஸ்களை விட்டார்கள். கடை நிறைந்தது. யஹ்யா வந்தவர்களையெல்லாம் பிடித்துப்பிடித்துச் சொன்னார்:

"முப்பது வருஷம் லொறி ஓட்டினேன். அப்பிடி விழ எனக்குத் தெரியாது. எம்மேல படாம எங்க விழணும்னு பாத்து விழுந்தான், அந்த மகன்!"

ஜஸ்லா தேநீர் ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் முதன்முதலாகக் கேட்பது போலவே இருந்தது.