பழைய கயிறு

எங்கள் ஆபீஸ் மேலாளர் நேசக்குமார் சார், நாங்கள் எழுதும் அறிக்கைகளில் உள்ள தவறுகளை உரக்க வாசிப்பார். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் எங்கள் நிறுவனத்தில் அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். பழைய, ஈரமான, துருப்பிடித்த என்று ஒரு அட்ஜெக்டிவ் வந்தால் அதற்கு முன்னே 'ஏ' போடுவதா 'ஆன்' போடுவதா என்று தடுமாறுவோம். அதை அவர் எழுந்து நின்று வாசிப்பார், ஆபீஸ் சிரிக்கும். கொஞ்ச காலத்தில் எல்லோரும் அட்ஜெக்டிவையே விட்டுவிட்டோம். வழுக்கும் ஏணி வெறும் ஏணியானது. துருப்பிடித்த கொக்கி வெறும் கொக்கியானது. அப்படிச் செய்யுமாறு யாரும் சொல்லவில்லை.

போன வாரம் மரத்தடிகளை இறக்கும்போது கயிறு அறுந்து, கொக்கி மாட்டும் அய்யாக்குட்டி அண்ணாச்சியின் கால் நசுங்கியது. என்னோடு ஆபீஸில் வேலை பார்க்கும் ஷெர்லியும் நானும் கப்பலடியில்தான் நின்றிருந்தோம். அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தோம். நரைத்து, நார் நாராய், உள்ளே பொடிந்துபோயிருந்தது. அதற்குள் அவர் கொக்கியைச் சரியாக மாட்டவில்லை என்று பேச்சு கிளம்பிவிட்டது. அந்தப் பேச்சு நிலைத்தால் அவருக்கு நிவாரணம் இல்லை, வேலையும் இல்லை.

விபத்தைப் பார்த்த நாங்கள் இருவரும் ஆளுக்கொரு அறிக்கை எழுத வேண்டும். முதலில் முடித்த என் அறிக்கையை சார் கையில் எடுத்தார்.

"ஏ ஓல்ட் ரோப்," என்று வாசித்தார். சிரிப்பு எழுந்தது. "உங்க ஏரல் கடைத்தெரு இங்கிலீஷ். ஆன் ஓல்ட் ரோப்மா. எங்க நாசரேத்துல மூணாம் கிளாஸ் பிள்ள சொல்லும். உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? வெறும் ரோப்னு போடு. சுத்தமா இருக்கும்."

பேனாவால் 'ஓல்ட்' என்ற சொல்லை அடித்தார்.

அந்தத் தாளை அவர் மேசைமேலேயே திருப்பி வைத்தேன்.

"என்னம்மா?"

"வெறும் கயிறுன்னா நல்ல கயிறுன்னுதான் சார் வாசிப்பாங்க. நல்ல கயிறு அறுந்தா, தப்பு மாட்டுனவரு தலையில விழும்."

"அத, விபத்த விசாரிக்க வந்திருக்க சர்வேயர் பாத்துக்கிடுவாரு."

"அவரு எதப் பாப்பாரு? கயிறத்தான் மறுநாளே தூக்கிப் போட்டாச்சே."

என் இடத்தில் உட்கார்ந்து மறுபடி டைப் செய்தேன். ஆன் ஓல்ட், ராட்டன் ரோப். பழைய, மக்கிய கயிறு. அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டேன். பிறகு எழுந்து நின்று நானே உரக்க வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"இது இங்கருந்து போவாது," என்றார் சார்.

"கையெழுத்து என்னுது சார். 'ஆன்' நீங்க சொல்லித் தந்தது, அதுக்கு நன்றி. 'ஓல்ட்' நான் கண்ணால பாத்தது. அத எடுக்க மாட்டேன். சர்வேயர் கீழதான் உக்காந்திருக்காரு, நானே குடுத்துட்டு வாரேன்."

"நாளைக்கும் இங்கதான வேலைக்கு வரணும்?"

"வருவேன்."

கதவைத் திறக்கும்போது ஷெர்லி கூப்பிட்டாள். தன் அறிக்கையை மேசைமேல் விரித்து வைத்திருந்தாள்.

"ஏளா அனுசியா, நில்லு. எனக்கு ராட்டன் மட்டும் போதும். அதுக்கு 'ஏ'யா, 'ஆன்'னா?" எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டாள்.

"'ஏ'," என்றேன்.

அவள் எழுதி முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.