சல்லடைக்குள் விழுந்த சூரியன்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில், டோகோ நாட்டின் வடபகுதியில், கிரகணத்தன்று சூரியனும் சந்திரனும் வானத்தில் சண்டைக்கு நின்றால், கீழே மனஸ்தாபத்தில் இருப்பவர்கள் ராசியாகிவிட வேண்டும். அதைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர்களும் விலகுவார்களாம்.

ஒனோரினுக்கு இந்தப் பேச்சே எரிச்சல். ஓரகத்தி பெர்பெத்தோடு அவள் பேசி ஒரு மழைக்காலம் முழுதாகப் போய்விட்டது. பெர்பெத்தின் ஆடு இவள் காயவைத்த சோளத்தைத் தின்றுவிட்டது. இப்போது ஆடும் சோளமும் மறந்துபோய், யார் முதலில் வாய் திறப்பது என்பதே வழக்காகிவிட்டது.

கிரகணம் தொடங்கியது. ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னபடி ஒனோரின் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சோள பீர் வடிகட்டும் சல்லடையைத் தலைக்கு மேல் பிடித்தாள். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு குட்டிச் சூரியன் செம்மண்ணில் விழுந்தது. எல்லாமே கடிபட்ட சூரியன்கள். வெயில் மெலிந்து, முற்றம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் ஆனது. கோழிகள்கூடக் கனவில் நடப்பவைபோல் நடந்தன.

தற்செயலாக நிமிர்ந்தாள். பக்கத்து மொட்டைமாடியில் பெர்பெத் அண்ணாந்து நின்றாள். கீழிருந்து அவள் தாடை மட்டும்தான் தெரிந்தது.

"அடியே! கண்ணு அவிஞ்சு போயிடும்டி! கீழ குனி!"

சல்லடை கைநழுவி விழுந்தது.

பெர்பெத் நிதானமாகக் குனிந்தாள். அவளுடைய இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன.

"அப்பாடா! நீ பேசுறதுக்குள்ள எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு. அந்தச் சல்லடைய எடுத்துப் பிடி, நானும் பாக்கணும்."