அமைதிக்கு எத்தனை மார்க்

“அமைதிக்கும் மார்க் உண்டா மேடம்?”

“உண்டு. ஆனா சத்தம் அளக்கற கருவியில காட்டணும்.”

“காட்டும் மேடம். ஒரே ஒரு மணி நேரம் டைம் குடுங்க.”

விடுதிக்காரருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. எந்தெந்த ஊரில் சுற்றுலாவை வளர்க்கலாம் என்று பார்த்து மார்க் போட வந்த அந்த அதிகாரி அம்மா, ஊரின் இயற்கை வளம், கலை வளம் இரண்டையும் மதியத்துக்குள் பார்த்து முடித்துவிட்டார். தூரத்தில் குன்றாக இருந்தது, கிட்டே போனதும் மேடாகிவிட்டது. ஏரியில் தண்ணீரைவிட வாத்துகள் அதிகம். பல தலைமுறை பார்த்தது என்று விடுதிக்காரர் கூசாமல் காட்டிய மணிக்கூண்டில், கட்டிய வருடத்தைப் பெரிதாகப் பொறித்து வைத்திருந்தார்கள். அது அவரைவிட இரண்டு வயது சின்னது.

மார்க் கிடைத்தால் நல்ல சாலை வரும். சாலை வழியாக ஆட்கள் வருவார்கள். பூட்டிக் கிடக்கும் அறைகளில் விளக்கு எரியும். கிடைக்காவிட்டால் விடுதியை மூடிவிட்டு, மனைவியின் அண்ணன் நடத்தும் பெயின்ட் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். மச்சான் தங்கமானவர். ஆனால் மூச்சுக்கு மூச்சு ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பார்.

விடுதிக்காரர் பறந்தார். மாவு மில்காரரின் மோவாயைப் பிடித்துக் கெஞ்சினார். தகரப் பட்டறையில் சுத்தியலைப் பிடுங்காத குறை. வாய்ப்பாட்டைக் கோரஸாகக் கத்திக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு வாங்கினார். ஊருக்காகத்தானே என்று எல்லாரும் பெரிய மனசு பண்ணினார்கள். ஊர் கப்சிப் என்று ஆனது.

ஏரிக்கரையில் அதிகாரி கருவியை எடுத்து வைத்து ஆரம்பித்தபோதுதான் விடுதிக்காரருக்கு உறைத்தது. வேலையை நிறுத்தச் சொன்னால் மனிதர்கள் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார்கள்? மில்காரர் குடும்ப சமேதராக வந்துகொண்டிருந்தார். பட்டறைக்காரர் உட்கார ஒரு பெஞ்சையே தூக்கி வந்தார். பிள்ளைகள் மரத்தில் ஏறிக்கொண்டார்கள். அமைதியைப் பார்க்க ஊரே திரண்டுவிட்டது.

“ஆரம்பிச்சிருச்சா?” என்று மில்காரரின் மனைவி கேட்டார்.

அவரை அடக்க அத்தனை பேரும் சேர்ந்து ‘உஷ்’ என்றார்கள். கருவியின் முள் துள்ளிக் குதித்தது. முள் துள்ளியது யாரால் என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. அந்த நேரம் பார்த்து மச்சானின் பைக் படபடவென்று வந்து நின்றது.

“மாப்ளே, கடையில உங்களுக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுட்டேன்” என்றார் அவர், சத்தம் போடக்கூடாது என்பதற்காகக் காதருகே வந்து, வழக்கமான குரலில்.

விடுதிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். காப்பாற்றியது அவர் மனைவிதான். விடுதியில் டீ ஊற்றப்போவதாகவும் யாரும் காசு தரவேண்டாம் என்றும் கூட்டத்தின் ஓரத்தில் நின்று சொன்னார். கரை காலியானது. மச்சான்தான் முதலில் போனார்.

பிறகு ஒன்றுமில்லை. வாத்துகள்கூட வாயைத் திறக்கவில்லை. முள் தூங்கிவிட்டதுபோல அடியில் கிடந்தது. விடுதிக்காரர் அதைப் பார்த்தபடி மனதுக்குள் புதுத் துண்டுகள் வாங்கினார், அறைகளுக்கு வெள்ளையடித்தார், சாலைக்கு இரண்டு பக்கமும் மரம்கூட வைத்துவிட்டார்.

அதிகாரி முள்ளைப் பார்க்கவேயில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்து, தன் வீட்டுக்கு மேல்மாடியில் ஒருவர் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறார் என்றும், கீழே ஒருவர் அதைத் திட்டக் கற்றுக்கொண்டுவிட்டார் என்றும் மெல்லச் சொன்னார். இதுவரை இத்தனை ஊருக்கு மார்க் போட்டதில், எங்கேயும் உட்காரத் தோன்றியதில்லை என்றார்.

அப்புறம் கருவியை அணைத்துவிட்டு விடுதிக்காரர் பக்கம் திரும்பினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இந்த அமைதிக்கு மார்க் எழுதினா, இப்ப வந்தாங்களே, அந்த மாதிரிதான் எல்லாரும் கூட்டமா வருவாங்க. மாசாமாசம் நான் ஒருத்தி வந்து ஒரு ரூம்ல தங்கிக்கறேன். இந்த ஊருக்கு மார்க் போடாம விட்டுடட்டுமா?”