பத்தொன்பதாவது குழியில் ஓடு

மின்கோபுரத்துக்குக் குழி தோண்டும்போது பழங்காலப் பொருள் ஏதாவது அகப்படுகிறதா என்று பார்ப்பது என் வேலை. அகப்பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லலாம். இதுவரை இரண்டு தடவை நிறுத்தியிருந்தேன். முதல் தடவை வந்தது சாக்கடைக் குழாய். அடுத்தது பூந்தொட்டி, அடியில் கம்பெனி பெயர்கூட இருந்தது. "இன்னொரு தடவை நிறுத்தினீங்கன்னா, அப்புறம் வீட்டுல உக்காந்துதான் நிறுத்தணும்," என்றார் இன்ஜினியர்.

பத்தொன்பதாவது குழிக்குக் கான்கிரீட் லாரி வந்து காத்திருந்தது. பொக்லைன் கடைசி வாளி மண்ணை அள்ளியதும் குழியின் பக்கச்சுவரில் சிவப்பாக ஒரு வளைவு தெரிந்தது. பானை ஓடு! எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஓடு! ஓடு!" என்று கத்தினேன்.

எல்லோரும் பின்னங்கால் பிடரியில் பட ஓடினார்கள். இன்ஜினியர்தான் முதல். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஓடுவார் என்று யார் கண்டது. பொக்லைன்காரர் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார், ஒழுங்கான மனுஷன்.

இப்படி ஓட்டம் பிடித்துவிட்டால் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்க்கும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது. அவர் வர இரண்டு மணி நேரமானது. கான்கிரீட் அதுவரை பொறுக்காது, லாரி திரும்பிப் போய்விட்டது. என்னை யாரும் ஓடச் சொல்லவில்லை, சொன்னதே நான்தானே. குழியில் இறங்கித் தூரிகையால் மண்ணைத் தள்ளினேன். முழுத் தாழி. உள்ளே சின்னச் சின்ன எலும்புகள், பால் பற்கள். அழுகை வந்தது, மறைப்பானேன்.

அதிகாரி படிவத்தோடு வந்தபோது நான் மேலே ஏறியிருந்தேன். அவர் பின்னாலேயே வந்த இன்ஜினியரிடம், உள்ளே தாழி இருக்கிறது என்றேன்.

"பானைதானே சார், தூக்கி ஓரமா வெச்சா போச்சு. காலையில கான்கிரீட் போட்டுடலாம்," என்றார் இன்ஜினியர்.

அதிகாரி பானையைப் பற்றிக் கேட்கவில்லை. குழிக்குள் ஆள் இருந்தால் வேலை நடக்கக் கூடாது. அவர் படிவத்தில் முதல் கேள்வியே அதுதான்.

"உள்ள ஆள் இருக்கா?"

"இருக்கு சார்," என்றேன்.

"எத்தனை பேரு?"

"ஒண்ணு. குழந்தை."

"எவ்வளவு நேரமா?"

"ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர நேரமானது.

"சார்..." என்று ஆரம்பித்தார் இன்ஜினியர்.

"ஆள் இருக்குல்ல," என்று சொல்லிவிட்டு, அதிகாரி என் பக்கம் திரும்பினார். "வயசு?"

"ரெண்டு, ரெண்டரை."

எழுதிக்கொண்டார். குழியைச் சுற்றிக் கயிறு கட்டும்படி இன்ஜினியரிடம் சொன்னார்.