என் வீட்டுக்காரர் பார்த்த பவளப்பாறை

தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் சயின்ஸ் டீச்சர். பவளப்பாறையை வருஷக்கணக்காகக் கலர் சாக்பீஸால் போர்டில் வரைந்தே நடத்தி வந்தவள். எழுபத்தொன்றாம் வருஷம் மே மாதம், விலங்கியல் பேராசிரியர் அசரியா ஆசிரியர்களை மண்டபம் கடலுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். ஒரு ராத்திரி படகிலேயே தங்கல், முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் பவளத்தை நேரிலேயே பார்க்கலாம். முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். பெண் டீச்சர் தனியாகப் போகக் கூடாது, வீட்டுக்காரர் கூட வந்தாக வேண்டும் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். அப்படித்தான் மின்சார வாரிய ஆபீஸில் கிளார்க்காக இருந்த என் கணவர் தனசிங் கிளம்பினார். பவளம் என்றால் நகைக்கடையில் விற்பது என்று நினைத்திருந்த மனிதர். லீவு வீணாகப் போகிறதே என்று புலம்பியவர், ரயில் கூடுவாஞ்சேரி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.

தீவுக்குப் பக்கத்தில் படகுக்கு நங்கூரம் போட்டார்கள். பேராசிரியர் கண்ணாடி வைத்த முகமூடியையும், மூச்சு விடுவதற்கான வளைந்த குழாயையும் எடுத்து வைத்தார். ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். என் முறை எப்போது என்று பேராசிரியரிடம் கேட்டேன்.

"புடவையோட எப்படிம்மா இறங்குவீங்க? உங்க சார் பார்த்துட்டு வந்து சொல்லுவாரே," என்றார்.

நான் செம்பாக்கம் ஏரியில் பாவாடையோடு நீந்தி வளர்ந்தவள். ஆனால் அத்தனை பேர் முன்னால் வாதாட வாய் வரவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து என் வீட்டுக்காரர் மேலேயே வைத்தேன்.

அவர் லாரி ட்யூப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். காலை உதைத்த உதையில் படகில் இருந்த எல்லோரும் நனைந்தோம். பிறகு முகத்தைத் தண்ணீரில் வைத்தார். அப்படியே அசையாமல் கிடந்தார். போதும், அடுத்தவருக்கு விடுங்கள் என்று கூப்பிட்டார்கள்; அவர் காதில் விழவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆசைப்பட்டது நான், பேர் கொடுத்தது நான். துணைக்கு வந்தவர் கடலுக்குள் பார்க்கிறார், நான் அவருடைய ஈர முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஏறி வந்ததும் கேட்டேன்.

"கல்லுதான். நடுவுல கலர் கலரா மீனு. பெரிசா ஒண்ணுமில்ல, ரத்தினம்," என்றார்.

அன்று ராத்திரி படகிலேயே படுத்தோம். அவர் குறட்டை விட்டார். உருட்டிக் கடலில் தள்ளிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஹெட்மிஸ்ட்ரஸ் காலைக் கூட்டத்தில் பேச ஒருவரை அழைத்தார். என்னை அல்ல, பவளத்தை நேரில் பார்த்த என் வீட்டுக்காரரை. முந்தின நாள் சாயங்காலம் அவர் என்னிடம் வந்து, தான் பார்த்தது என்னவென்று கொஞ்சம் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். சொல்லிக்கொடுத்தேன். மான் கொம்பு மாதிரி கிளை விடுவது, மூளை மாதிரி மடிப்பு விழுவது, அவர் கல் என்று சொன்னது கல்லே இல்லை, உயிர் என்பது எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

மறுநாள் ஒன்று விடாமல் ஒப்பித்தார். முடிந்தது என்று நினைத்தபோது, குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலும் பேசினார்.

"கைக்கெட்டுற தூரத்துல ஒரு பாறை, முழுக்கப் பூ பூத்த மாதிரி இருந்துச்சு. விரலை வச்சேன். அத்தனையும் சட்டுனு உள்ள இழுத்துக்கிச்சு. அசையாம காத்துக்கினு இருந்தேன். பயம் தெளிஞ்சு, ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு."

பெண்கள் மூச்சு விடாமல் கேட்டார்கள். இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. அன்றைக்கு அத்தனை பேர் கூப்பிட்டும் அவர் மேலே வராததற்குக் காரணம் இதுதான். இவ்வளவையும் பார்த்துவிட்டு, என்னிடம் கல் என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளைப் பிடித்தபடி நின்றவரிடம், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உனக்கு வயிறு எரியும். அதான்," என்றார்.

"இப்ப மட்டும் எரியலையா? இன்னும் என்னென்ன மறைச்சு வச்சிருக்கீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க."

கேட் திறந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். கல்லைக் கடித்துத் தின்ற பச்சை மீனைப் பற்றிச் சொன்னார். அதன் பல் நறநறக்கிற சத்தம் தண்ணீருக்குள் கேட்டதாகச் சொன்னார். நடுவில் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"மேல சொல்லுங்க," என்றேன்.