மாடி ஜன்னலில் ஒரு மொட்டைத்தலை

அம்மா என் தலையில் சீப்பை வைத்து இழுத்தாள். பாதி வழியில் சிக்கிக்கொண்டது.

"எங்க ஊட்லயும் இல்ல, உங்கப்பன் ஊட்லயும் இல்ல. எங்கிருந்து வந்துச்சு இந்தச் சுருட்டை?"

"மருந்துல இருந்து."

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியபோது, இடுப்பு வரை நேராகத் தொங்கிய முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து குளியலறையில் தண்ணீர் போகும் வழியை அடைத்தது. சிகிச்சை முடிந்ததும் கோழிக்குஞ்சின் தூவி மாதிரி ஏதோ முளைத்தது. வளர வளரச் சுருண்டது. சிலருக்கு இப்படித்தான் வரும், போகப் போகப் பழையபடி நேராகிவிடலாம் என்றார் டாக்டர். எனக்கு அவசரம் பிடித்தது அப்போதுதான். நேராவதற்குள் தம்பி சுரேந்தருக்குக் கல்யாணம் ஆக வேண்டும்.

காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை. ஆஸ்பத்திரி கோயம்புத்தூரில் என்பதால் பெரியநாயக்கன்பாளையத்தில் அம்மா வீட்டில்தான் கிடந்தேன். அந்த நேரம் பார்த்துச் சுரேந்தருக்குப் பெண் அமைந்தது. பெண் வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று என்னை மாடியில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். வாந்தி வந்தால் சத்தம் கேட்கக் கூடாது என்று வாளியும் துண்டும் கொடுத்தவன் சுரேந்தர். துண்டை வாயில் வைத்துக்கொண்டு வாந்தி எடுக்க முடியாது. அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

காற்றுக்காக ஜன்னல் பக்கம் வந்தேன். கீழே வாசலில் நின்ற பெண்ணின் அத்தை சின்னத்தாயி நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"அதாருங்க மொட்டைத்தலையோட?"

"வேலைக்காரிங்க. பழனிக்கு முடி எறக்கிட்டு வந்துருக்கறா," என்றான் சுரேந்தர். யோசிக்கக்கூட இல்லை. பக்கத்தில் நின்ற அம்மா, "ஆமாங்க," என்றாள். ஒரே அக்கா மெல்போர்னில் இருக்கிறாள் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு அம்மா மாடிக்கு ஒரு லட்டு கொண்டுவந்தாள். "வேலைக்காரிக்குக் குடுக்கச் சொன்னாங்க அந்தம்மா," என்று சிரித்தாள். நானும் சிரிப்பேன் என்று நினைத்தாள்.

தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் நின்று செய்யும் இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் ரித்திகாவை நிறுத்துவதாகத்தான் திட்டம். ஆனால் சடங்கு நடத்தும் அருமைக்காரர் ஈஸ்வரமூர்த்தி ஒத்துக்கொள்ளவில்லை. கூடப் பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது வேறொருத்தி எதற்கு என்று கேட்டுவிட்டார். இப்போது நான் வேண்டும். மெல்போர்னிலிருந்து வந்தவளாக வேண்டும். பெண் வீட்டில் காட்டிய பழைய போட்டோவில் இருக்கும் நேர்முடியோடு வேண்டும்.

"பீளமேட்டுல பார்லர் சொல்லிப்போட்டேன். நேராக்கிட்டு வந்துரு கண்ணு. தம்பி வாழ்க்கை," என்றாள் அம்மா.

"சரி."

பார்லர் நிலோஃபர் என் தலையில் விரலை விட்டுப் பார்த்தாள். "புது முடி அக்கா. கெமிக்கல் போட்டா மறுபடி கையோட வந்துரும். நான் தொடமாட்டேன்."

"நேராக்க வேண்டாம். இன்னும் நல்லாச் சுருட்டி விடு."

"கல்யாண வீட்டுக்கா போறீங்க, சண்டைக்கா?"

"ரெண்டுக்கும்."

மண்டபத்தில் என்னைப் பார்த்ததும் அம்மாவின் முகம் செத்தது. திட்ட நேரமில்லை. கூப்பிட்டுவிட்டார்கள். கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளை கையில், மறுமுனை என் கையில். சீர் முடிந்து நான் விட்டால்தான் அந்தச் சேலை பெண்ணின் அறைக்குப் போகும். அவள் அதைக் கட்டிக்கொண்டு வந்தால்தான் தாலி.

ஈஸ்வரமூர்த்தி சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு வாழ்த்துப் பாடி முடித்தார். "உடு அம்மணி, பொண்ணு சேலை கட்டோணும்."

நான் விடவில்லை.

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். "சரி, கேட்டு வாங்கிக்க. உம்பையனுக்கு இவனுக்குப் பொறக்கப்போற பொண்ணக் கேளு, அதான மொறை."

"பொண்ணெல்லாம் வேண்டாங்க. ஒரே ஒரு பதில் போதும்." தம்பியைப் பார்த்தேன். "அன்னிக்கு மாடி ஜன்னல்ல நின்னது ஆரு?"

மைக் அதையும் வாங்கி மண்டபம் முழுக்கச் சொன்னது.

"அக்கா, அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் முடி நேராயிரும்டா. சாட்சி போயிரும்."

அவன் சேலையை மெதுவாக இழுத்தான். நான் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். வீடியோக்காரன் விளக்கை எங்கள் மேல் திருப்பினான். சுரேந்தரின் நெற்றியில் சந்தனம் கரைந்து வழிந்தது. அம்மா கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் வாளியோடு கிடந்தபோது அவள் எந்தச் சாமியைக் கும்பிட்டாளோ தெரியாது.

"நேரம் போகுது தம்பி, சொல்லித் தொலை," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"எங்கக்கா," என்றான்.

"வேலைக்காரி இல்லையா?"

"இல்ல."

"பழனிக்கு எறக்குன மொட்டையா?"

"இல்ல. கேன்சர்."

சேலையை விட்டேன். அவன் பிடித்திருந்த முனையும் நழுவி அது தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

முன்வரிசையில் இருந்து சின்னத்தாயி எழுந்து மேடைக்கு வந்தார். என் முடியையே பார்த்தார். "அந்த லட்டு உனக்கா வந்துச்சு அம்மணி?"

"ஆமாங்க."

அவர் மேடையை விட்டு இறங்கினார். பெண்ணின் அறைக்குள் போனார். உள்ளே சத்தம் உயர்ந்தது, அடங்கியது. பிறகு மணப்பெண் நித்யஸ்ரீயே வெளியே வந்தாள். காலையில் கட்டியிருந்த அதே பச்சைச் சேலை. நேராகச் சுரேந்தரிடம் போனாள்.

"நோய் ஆருக்கும் வருங்க. நாளைக்கு எனக்கு வந்தா என்னை எந்த ஜன்னல்ல வெப்பீங்க?"

பழனி என்று அன்று நொடியில் சொன்னவன் இன்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "போலாங்கப்பா," என்றாள்.

வேன்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இப்பத் திருப்திதானாடி உனக்கு?"

"ஆமா."

பசித்தது. பந்திக்குப் போனேன். பரிமாறுகிறவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. இலை போட்டு ஓரத்தில் ஒரு லட்டு வைத்தார்கள். நெற்றியில் விழுந்த சுருளை ஒதுக்கிவிட்டு அதை முதலில் தின்றேன். இன்னொன்று கேட்டு வாங்கினேன்.